கோஸ் செயற்கைக்கோள் தரவு நிலையத்தை வேகமான சேனலுக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஆற்று நீர்மட்டம், மழை, கடல் ஓதம், காட்டுத்தீ வானிலை என்று ஆளில்லாத இடங்களில் அளக்கும் நிலையங்கள் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் கோஸ் செயற்கைக்கோள்கள் வழியாகத் தரவு அனுப்புகின்றன. நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் 402 மெகாஹெர்ட்ஸ் அருகில் மேலே அனுப்பும். கோஸ் அதைக் கீழே திருப்பிவிடும். வர்ஜீனியாவின் வாலப்ஸ் தரைநிலையம் அதைப் பிடித்து விநியோகிக்கும்.

அப்படிப்பட்ட ஒரு நிலையத்தை விநாடிக்கு 300 பிட் அல்லது 1200 பிட் சேனலுக்கு மாற்றும் வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இங்கே சொல்கிறேன். பழைய 100 பிட் காலத்து அமைப்பிலிருந்து வந்தாலும், முதல் தலைமுறை 300 பிட் பெட்டியிலிருந்து இப்போதைய சிஎஸ்2 தரத்துக்கு (டிரான்ஸ்மிட்டர் சான்றுத் தரத்தின் இரண்டாம் பதிப்பு) வந்தாலும் வரிசை ஒன்றுதான்.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதுதான் வேலை என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பெட்டியை மாற்றுவது ஒரு காலைப்பொழுது வேலை. அதற்கு முன்னால் மேசையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதைத் தவறவிட்டால் நிலையம் ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருக்கும், தரவு மட்டும் தப்பாக வந்துகொண்டிருக்கும்.

1. வேகம் எங்கிருந்து வருகிறது

பழைய சேனலில் விநாடிக்கு 100 பிட். இப்போது 300, இல்லாவிட்டால் 1200. ஆனால் உண்மையான லாபம் பிட் எண்ணிக்கையைவிடக் கடிகாரத்தில்தான் அதிகம்.

பழைய நிலையங்களின் கடிகாரம் தன் போக்கில் ஓடும், மெல்ல மெல்ல விலகும். அந்த விலகலுக்கு இடம் விட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு முழு நிமிடம் ஒதுக்கி, 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் அனுப்பச் சொன்னார்கள். 4 மணி நேரச் சுற்றில் ஒரு சேனலுக்கு அதிகபட்சம் 240 நிலையங்கள்.

இப்போதைய டிரான்ஸ்மிட்டர்கள் ஜிபிஎஸ் நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. கால் விநாடிக்குள் நிற்கும். அதனால் 10 விநாடி விண்டோ (அனுப்ப ஒதுக்கிய நேரத் துண்டு) போதும். ஒரே சேனலில் 360 நிலையங்கள், அதுவும் மணிக்கு ஒரு முறை. ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து முகூர்த்தம் வைத்த மாதிரிதான்: நீங்கள் தாமதித்தால் கெடுவது பக்கத்து வீட்டுக் கல்யாணம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 300, 1200 இரண்டிலும் தகவல் அலையின் எட்டு ஃபேஸ் (கட்டம்) நிலைகளில் ஏறுகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 45 டிகிரிதான் இடைவெளி. 100 பிட் முறையில் இரண்டே நிலை, நடுவில் தாராளமான இடம். அங்கே ஓடிக்கொண்டிருந்த துருப்பிடித்த கனெக்டரும் காற்றில் ஆடும் ஆன்டெனாவும் இங்கே ஓடாது.

சிஎஸ்2 தரத்தில் 300 பிட் சேனலின் அகலமும் 1.5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 750 ஹெர்ட்ஸாகக் குறைந்துவிட்டது. பழைய 1 முதல் 266 வரையிலான சேனல்களுக்கு நடுவே 301 முதல் 566 வரை புதிய எண்கள் நுழைந்ததும் அதனால்தான். பக்கத்துச் சேனல் இப்போது ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

2. 300 போதுமா, 1200 வேண்டுமா: பைட் கணக்கு போடுங்கள்

யாரைக் கேட்டாலும் 1200 என்றுதான் சொல்வார்கள். கணக்கு போட்டால் பெரும்பாலான நிலையங்களுக்கு 300 தாராளம்.

நீர்மட்டம், மழை, நீர் வெப்பநிலை என்று மூன்று அளவீடு, 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 மதிப்புகள். போலி பைனரி வடிவத்தில் ஒரு மதிப்புக்கு 3 பைட், ஆக 36. ஒரு செய்தி தவறினாலும் தரவு போகாமலிருக்க முந்தைய மணி நேரத்தையும் சேர்த்து அனுப்பினால் 72.

72 பைட் என்பது 576 பிட். 300இல் 2 விநாடிக்கும் குறைவு. முன்னால் வரும் வெற்று அலை, ஒத்திசைவு, முகவரி எல்லாம் சேர்த்து இன்னொரு விநாடி. மொத்தம் 3 விநாடி, 10 விநாடி விண்டோவில் காலாட்டிக்கொண்டு உட்காரலாம்.

போலி பைனரியை ஏன் சொல்கிறேன் என்றால், பலர் அளவீட்டைச் சாதாரண எண்ணாக அனுப்பிவிட்டு இடம் போதவில்லை என்கிறார்கள். 12.34 என்று புள்ளியும் இடைவெளியும் சேர்த்து எழுதினால் 6 பைட். அதையே 100ஆல் பெருக்கி 1234 ஆக்கி, ஆறு ஆறு பிட்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டோடும் 64 கூட்டினால் 64, 83, 82 என்று 3 பைட்டில் முடிந்துவிடும். 3 பைட்டில் 18 பிட் இருப்பதால் மைனஸ் 131072 முதல் 131071 வரை கொள்ளும். ஆற்றின் உயரத்துக்கு இதற்கு மேல் வேண்டாம்.

1200 தேவைப்படுவது அடுக்கடுக்காக நீரோட்டம் அளக்கும் கருவி, அலை நிறமாலை மாதிரி ஒரே செய்தியில் பல நூறு பைட் போகும் இடங்களில். 600 பைட் செய்தி 300இல் 16 விநாடி பிடிக்கும், 1200இல் 4 விநாடி. பதிலுக்கு 1200 சேனல் மூன்று மடங்கு அகலம் கேட்கும்: 2.25 கிலோஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டரும் அதிக சக்தி கேட்கும். அதனால் கணக்கைக் காட்டிக் கேளுங்கள், ஆசைக்குக் கேட்காதீர்கள்.

கணக்கு போடும்போது சோதனைக்காகச் சேர்த்த பேட்டரி வோல்டேஜ், கதவு திறந்த அறிவிப்பு, அடுத்த வருடம் மாட்டப்போகும் சென்சார் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோவைப் பிறகு பெரிதாக்குவது என்றால் புது நேரம், புது ஒதுக்கீடு, எல்லாம் முதலிலிருந்து.

3. அனுமதியும் ஒதுக்கீடும்: பெட்டி வாங்குவதற்கு முன்

கோஸ் தரவுச் சேகரிப்பைப் பயன்படுத்த நோவாவின் நெஸ்டிஸ் என்ற செயற்கைக்கோள் பிரிவோடு ஒப்பந்தம் வேண்டும். அரசு அமைப்பாகவோ, ஒரு அரசு அமைப்பின் ஆதரவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். தரவு சுற்றுச்சூழல் சார்ந்ததாக இருக்க வேண்டும். அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை, கருவி உங்கள் செலவு. உங்கள் அமைப்புக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் அது காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். காலாவதியான ஒப்பந்தத்தின் மேல் புதுச் சேனல் கேட்டுவிட்டுக் காத்துக்கிடப்பவர்கள் உண்டு.

கேட்கும்போது நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: எந்தச் செயற்கைக்கோள், எந்த வேகம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, எத்தனை விநாடி விண்டோ. கிழக்குக் கோஸ் மேற்குத் தீர்க்கரேகை 75.2இல் நிற்கிறது, மேற்குக் கோஸ் 137 அருகில். இரண்டும் தெரியும் இடமாக இருந்தால் அடிவானத்திலிருந்து உயரமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள். மரமும் மலையும் மறைக்கும் வாய்ப்பு குறையும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: கோஸ் நம் பக்கம் எட்டாது. இந்திய வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் ரிலே கருவி வழியாக அனுப்புகின்றன. அங்கேயும் எப்போது வேண்டுமானாலும் குத்துமதிப்பாக அனுப்பும் முறையிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நேரம் என்ற முறைக்கு வந்தார்கள். சேனல் எண்களும் படிவங்களும் வேறு. கடிகாரம், செய்தியைப் பிரிக்கும் டிகோடர், ஆன்டெனா பற்றி இங்கே சொல்வது அங்கேயும் பொருந்தும்.

ஒதுக்கீடு கைக்கு வந்த பிறகு டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள். வாங்கும்போது சிஎஸ்2 சான்று இருக்கிறதா என்று மாடல் எண்ணோடு சரிபாருங்கள். முதல் தலைமுறை 300 பிட் பெட்டி மலிவாகக் கிடைக்கும். 300 என்று எழுதியிருப்பதாலேயே அது 750 ஹெர்ட்ஸ் சேனலில் அடங்கிவிடாது.

4. பிடிடி அட்டவணையை நிரப்புங்கள்

நெஸ்டிஸின் நிர்வாகத் தளத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு விவர அட்டவணை உண்டு, பிடிடி என்பார்கள். முகவரி, சேனல், வேகம், முதல் ஒலிபரப்பு நேரம், இடைவெளி, விண்டோ, டிரான்ஸ்மிட்டர் மாடல் எல்லாம் அதில் இருக்கும். வாலப்ஸில் உட்கார்ந்திருக்கும் கணினி உங்கள் செய்தியை இந்த அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு சொல்லும்.

அட்டவணையில் இருப்பதும் டிரான்ஸ்மிட்டரில் அடித்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பலர் மாடல் விவரத்தை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். செய்தி வந்துசேர்வதற்கு அதனால் பாதகமில்லை. ஆனால் பழைய தரப் பெட்டிகளைத் தேடிப் பட்டியல் எடுக்கும்போது உங்கள் நிலையம் அதில் நிற்கும், விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

5. பெறும் முனையை முதலில் தயார் செய்யுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். கிட்டத்தட்ட எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவதும் இதைத்தான்.

உங்கள் அலுவலகத்தில் எல்ஆர்ஜிஎஸ், ஓபன்டிசிஎஸ் மாதிரி மென்பொருள் ஒன்று செய்திகளை வாங்கிப் பிரித்து தரவுத்தளத்தில் போட்டுக்கொண்டிருக்கும். நிலையம் மாறும் நாளில் அது மூன்று இடத்தில் உடையும்.

முதலாவது, தேடல் விதி. சேனல் எண்ணை வைத்துச் செய்திகளை எடுக்கும்படி எழுதியிருந்தால் புதுச் சேனல் செய்தி உள்ளேயே வராது. நிலைய முகவரியை வைத்து எடுக்கும்படி மாற்றுங்கள். முகவரி மாறாமல் இருக்கும்வரை சேனல் எங்கே போனாலும் கவலையில்லை.

இரண்டாவது, மதிப்புகளின் எண்ணிக்கை. 4 மணி நேரச் செய்தியில் ஒரு சென்சாருக்கு 16 மதிப்புகள் வந்தன. மணிக்கொரு செய்தியில் 4 வரும், மீண்டும் அனுப்பினால் 8. பழைய ஸ்கிரிப்ட் 16ஐ எதிர்பார்த்து அடுத்த சென்சாரின் எண்களையும் சேர்த்து விழுங்கிவிடும். மழை அளவு நீர்மட்டமாக வந்து உட்காரும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை, அதனால் சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. போலி பைனரிச் செய்தியில் ஒவ்வொரு மதிப்போடும் நேரம் எழுதியிருக்காது. செய்தி வந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் டிகோடர் நேரம் போடுகிறது. பழைய ஒலிபரப்பு நேரம் 40ஆம் நிமிடம் என்று வையுங்கள். கடைசி அளவீடு 30ஆம் நிமிடத்தினுடையது. புது நேரம் 52ஆம் நிமிடம் என்றால் கடைசி அளவீடு 45. டிகோடரில் 10 நிமிடம் பின்னால் போ என்று நிலையான எண் எழுதியிருந்தால் 45இல் எடுத்தது 42 ஆகிவிடும். இதுவே கீழ்நோக்கிக் கால் மணிக்கு முழுமையாக்கும் நிரலாக இருந்தால் ஒரு அளவீடு முழுதாகத் தள்ளிப்போகும். வரைபடம் அழகாகத்தான் இருக்கும். வெள்ளம் வரும் அன்று மேல்நிலையத்து உச்சிக்கும் கீழ்நிலையத்து உச்சிக்கும் கணக்கு ஒத்துவராமல் போகும்போதுதான் தெரியும்.

ஒதுக்கப்பட்ட நேரம் மணியை ஒட்டி, 00 நிமிடம் 20 விநாடி மாதிரி விழுந்தால் இன்னும் கவனம். லாகர் (சென்சார் அளவீடுகளைச் சேமித்துத் தரும் கருவி) 00 அளவீட்டைச் சராசரி எடுத்து முடிப்பதற்குள் டிரான்ஸ்மிட்டருக்குத் தரவு போய்விட்டால், அந்தச் செய்தியின் கடைசி மதிப்பு முந்தைய 45இனுடையது. சில மணி நேரம் 00, சில மணி நேரம் 45 என்று மாறி மாறி வரும். இதற்கு ஒரே வழி, அளவீடு எத்தனை நிமிடம் பழையது என்ற எண்ணையும் செய்தியின் தலைப்பிலேயே லாகர் போட்டு அனுப்புவது. ஒரு பைட் செலவு. அந்த ஒரு பைட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புது ஸ்கிரிப்டைப் பழையதன் மேல் எழுதாதீர்கள். தேதி போட்டுத் தனியாக வையுங்கள். பழைய செய்திகளை மறுபடி பிரிக்க வேண்டிய நாள் கட்டாயம் வரும்.

6. மேசை மேல் சோதனை

நிலையத்துக்குப் போகுமுன் லாகர், டிரான்ஸ்மிட்டர், ஜிபிஎஸ் ஆன்டெனா மூன்றையும் மேசையில் இணைத்து ஒரு நாளாவது ஓட விடுங்கள். அனுப்பும் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் உள்வாங்கும் போலிச் சுமை) மாட்ட வேண்டும். ஆன்டெனாவை மாட்டிவிட்டு, நிலையத்தின் உண்மையான முகவரியோடு அலுவலக மொட்டைமாடியிலிருந்து அனுப்பிப் பார்ப்பது தப்பு. நிலையத்தில் பழைய பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதே முகவரியில் இரண்டாவது குரல் எழும். ஒன்றும் மாட்டாமல் அனுப்ப விடுவதும் தப்பு. திரும்பி வரும் சக்தி டிரான்ஸ்மிட்டரைக் கெடுக்கும்.

மேசையில் பார்க்க வேண்டியவை: குளிர்ந்த நிலையிலிருந்து ஜிபிஎஸ் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது, மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினால் அமைப்புகள் நிலைத்து நிற்கின்றனவா, லாகர் தரும் செய்தியின் நீளம் நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா. கடைசியாகச் சொன்னதை எண்ணியே பாருங்கள். வரி முடிவுக் குறிகளும் தேவையில்லாத இடைவெளிகளும் நுழைந்திருக்கும்.

நேரம் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான். லாகர் உள்ளூர் நேரத்தில் ஓடினால் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் பழக்கத்தை நிறுத்திவையுங்கள். அலமாரியில் பல வருடம் கிடந்த டிரான்ஸ்மிட்டர் என்றால் மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸ் வாரக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய மென்பொருள் உள்ள சில ஜிபிஎஸ் கருவிகள் அன்றிலிருந்து தேதியைத் தப்பாகச் சொல்லும்.

7. நிலையத்தில்: ஆன்டெனா, கேபிள், பேட்டரி

வேலை செய்கிறதே என்று பழைய ஆன்டெனாவை அப்படியே விட ஆசை வரும். முதலில் அது எந்தச் சுழற்சி ஆன்டெனா என்று பாருங்கள். கோஸுக்கு வலச்சுழல் முனைவாக்கம் வேண்டும். வேறு செயற்கைக்கோள் அமைப்புக்கு வாங்கிய இடச்சுழல் யாகி ஆன்டெனா ஒன்று கிடங்கிலிருந்து வந்து மாட்டப்பட்டிருந்தால் சிக்னல் பெரும்பகுதி வீண்.

திசையைத் திசைகாட்டியில் வைக்கும்போது காந்த விலக்கத்தைக் கழிக்கவோ கூட்டவோ மறக்காதீர்கள். அமெரிக்காவின் வடமேற்கில் அது 10 டிகிரிக்கும் மேல். யாகியின் கற்றை அகலமானது, 10 டிகிரி தவறினாலும் செய்தி போய்ச்சேரும். ஆனால் அந்த இழப்பை ஈடுகட்டச் சக்தியை ஏற்றத் தோன்றும். ஏற்றக் கூடாது.

சக்தியைக் கணக்கு போட்டு வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் சக்தி, அதோடு ஆன்டெனா ஆதாயம், அதிலிருந்து கேபிள் இழப்பு. 1 வாட் என்றால் 30 டிபிஎம். 11 டெசிபல் ஆதாயம் கூட்டி, கேபிளில் போகும் 1 டெசிபலைக் கழித்தால் 40 டிபிஎம். இந்த எண் உங்கள் வேகத்துக்கான சிஎஸ்2 வரம்புக்குள் இருக்கிறதா என்று சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பழைய பெட்டியின் சக்தி அளவை அப்படியே புதியதில் அடிப்பவர்கள் நிறைய. சத்தமாகப் பேசினால் நன்றாகக் கேட்கும் என்பது இங்கே எடுபடாது: 750 ஹெர்ட்ஸ் சேனலில் அதிகப்படியான சக்தி பக்கத்துச் சேனலில் வழியும், புகார் உங்களுக்கு வரும்.

அப்புறம் கேபிள். கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சைப் பூச்சு தெரிந்தால் முனையை வெட்டிப் புதுசு போடுங்கள், துடைத்து மாட்டாதீர்கள். ஆன்டெனாவை ஒரு கையால் தட்டிப் பாருங்கள். கம்பத்தில் ஆடினால் காற்றடிக்கும் நாளில் ஃபேஸும் ஆடும். புயல் நேரத்தில், அதாவது தரவு வேண்டிய அதே நேரத்தில், பிழை கூடும்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழேயும் சோலார் பலகைக்கு அடியிலும் அழகாகக் கட்டிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாட்டிய அன்று எப்படியோ பிடித்துவிடும். பிறகு பிடிப்பு விட்டுப்போனாலும் டிரான்ஸ்மிட்டர் உள் கடிகாரத்தை நம்பிச் சில நாள் ஓடும், அப்புறம் தானாகவே அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். அப்படித்தான் அதற்குச் சட்டம். ஆள் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்.

பேட்டரியை ஓய்வில் அளந்து 12.6 வோல்ட் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். அனுப்பும் கணத்தில் அளக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் அந்தச் சில விநாடிகளில் பல ஆம்பியர் இழுக்கும். பழைய பேட்டரி அப்போது பொத்தென்று விழுந்து லாகர் மறுதுவக்கம் ஆகும். செய்தி பாதியில் வெட்டுப்பட்டு வரும். கிராமத்துக் கிளினிக்கில் நாடி பார்ப்பதுபோல் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகாமல், இரண்டு ஒலிபரப்புக்காவது மீட்டரை இணைத்தே வையுங்கள்.

சராசரிச் செலவு கூடுமோ என்று பயப்பட வேண்டாம். முன்பு நாளுக்கு 6 செய்தி, ஒவ்வொன்றும் 20 விநாடி அளவில், கிட்டத்தட்ட 2 நிமிடம். இப்போது 24 செய்தி, 3 விநாடி வீதம் 72 விநாடி. ஜிபிஎஸ் எடுக்கும் மின்சாரத்தைக் கூட்டினாலும் பழைய சோலார் பலகையே பெரும்பாலும் தாங்கும்.

8. மாற்றும் மணி நேரம்

வரிசை இதுதான். பழைய பெட்டி ஒரு செய்தி அனுப்பி முடிக்கும்வரை காத்திருங்கள். அது வந்துசேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். அதன்பின் அணையுங்கள். இப்படிச் செய்தால் தரவில் விழும் ஓட்டை மிகச் சிறியது. லாகரின் நினைவகத்தையும் அதற்குமுன் நகலெடுத்துவிட்டால் ஓட்டையே இல்லை.

புதுப் பெட்டியை மாட்டுங்கள். ஆன்டெனா கேபிள் முதலில், மின்சாரம் கடைசியில். முகவரி, சேனல், வேகம், முதல் நேரம், இடைவெளி, விண்டோ ஆகிய ஆறையும் அச்சிட்ட தாளைப் பார்த்து அடியுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். ஒருவர் அடிக்க இன்னொருவர் உரக்க வாசித்தால் நல்லது. ஜிபிஎஸ் பிடித்த பிறகு அடுத்த ஒலிபரப்பு எப்போது என்று பெட்டியே காட்டும். அது தாளில் உள்ள நிமிடத்தோடு ஒத்துவர வேண்டும்.

முதல் செய்தி போனதும் கருவிகளை எடுத்துவைக்க ஆரம்பிப்பார்கள். இரண்டாவது போகும்வரை இருங்கள். முதலாவதில் லாகரின் பஃபர் பாதி காலியாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது செய்தியின் மதிப்புகளை அலுவலகத்தில் ஒருவர் வாசிக்க, நீங்கள் அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்ல, இரண்டும் நேரத்தோடு சேர்ந்து ஒத்துப்போக வேண்டும்.

9. தலைப்பு வரியை வாசிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு செய்தியும் 37 எழுத்துத் தலைப்போடு வரும். முதல் 8 நிலைய முகவரி. அடுத்த 11 நேரம்: 25121143012 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 121ஆம் நாள், அதாவது மே 1, யுடிசி 14:30:12. விண்டோ 14:30:10இல் தொடங்குகிறது என்றால் சரியாக இருக்கிறீர்கள்.

அதற்கடுத்த ஒற்றை எழுத்து 'ஜி' என்றால் நலம். கேள்விக்குறி என்றால் செய்தியில் பிழை இருக்கிறது. பிறகு சிக்னல் வலிமை இரண்டு இலக்கத்தில், அதிர்வெண் விலகல் 50 ஹெர்ட்ஸ் அலகில், சேனல், கிழக்கா மேற்கா, கடைசி 5 எழுத்தில் செய்தியின் நீளம். விலகல் ஒவ்வொரு வாரமும் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் டிரான்ஸ்மிட்டரின் ஆஸிலேட்டர் போகப்போகிறது என்று அர்த்தம். இப்போதே மாற்றுப் பெட்டி சொல்லிவையுங்கள்.

தவறு நேர்ந்தால் வாலப்ஸ் தனியாக ஒரு குறிப்பை உங்கள் முகவரியிலேயே போடும். கேள்விக்குறியோ ஜியோ வரும் அதே இடத்தில் வேறு எழுத்து இருக்கும். 'எம்' என்றால் எதிர்பார்த்த செய்தி வரவில்லை. 'டி' ஓசையில் இரண்டு உண்டு, குழம்ப வேண்டாம்: டைம் என்பதன் முதலெழுத்து விண்டோவை மீறியதைச் சொல்கிறது, டூப்ளிகேட் என்பதன் முதலெழுத்து ஒரே செய்தி பல சேனல்களில் கேட்டதைச் சொல்கிறது. 'டபிள்யு' என்றால் தப்பான சேனல். 'யு' என்றால் எதிர்பாராத நேரத்துச் செய்தி. 'என்' என்றால் உங்கள் பிடிடி அட்டவணை முழுமையாக இல்லை.

'ஏ' கொஞ்சம் சுவாரஸ்யமானது. முகவரியில் ஒன்றிரண்டு பிட் பிழை இருந்தால் கணினியே திருத்தி ஏற்றுக்கொண்டு 'ஏ' போடும். எப்போதாவது வந்தால் இரைச்சல். ஒவ்வொரு மணிக்கும் வந்தால் யாரோ முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். தரவு ஒழுங்காக வருவதால் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவார்கள்.

ஜிபிஎஸ் பிடித்தும் தொடர்ந்து நேர மீறல் வந்தால் செய்தியின் நீளத்தைப் பாருங்கள். பல டிரான்ஸ்மிட்டர்களில் செய்தியை விண்டோவின் நடுவில் வைக்கும் அமைப்பு உண்டு. செய்தி நீளும்போது இரண்டு பக்கமும் முட்டும். அமைப்பை நிறுத்துவதா, செய்தியைச் சுருக்குவதா என்று முடிவெடுங்கள்.

10. அவசர ஒலிபரப்பு

வெள்ளம் ஏறும்போது முறை வரும்வரை காத்திராமல் அனுப்பத் தனிச் சேனல் ஒதுக்குவார்கள். அதில் யாருக்கும் நேரம் கிடையாது, மோதினால் மோதியதுதான். அதனால் செய்தி மிகச் சிறியதாக இருக்க வேண்டும்: நீர்மட்டம், மழை, அவ்வளவுதான். வழக்கமான முழுச் செய்தியையே இங்கேயும் அனுப்புவது பெரிய தப்பு. ஒரே மழையில் ஒரு பகுதியின் எல்லா நிலையங்களும் ஒன்றாகத்தான் விழித்துக்கொள்ளும்.

தூண்டும் எல்லையையும் மறுபடி நிர்ணயியுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை அனுப்பிய காலத்தில் சின்ன ஏற்றத்துக்கும் அவசரம் தேவைப்பட்டது. மணிக்கொரு முறை வரும்போது அதே எல்லை வேண்டாம். நெஸ்டிஸிடம் இதற்கும் தனியே அனுமதி வாங்க வேண்டும், பிடிடியிலும் பதிய வேண்டும். ஓபன்டிசிஎஸ்ஸில் இதற்கென்று தனி வகையும் தனி ஸ்கிரிப்டும் வேண்டும். வழக்கமான செய்திக்குரிய ஸ்கிரிப்டைக் கொடுத்தால் இரண்டு எண் வரவேண்டிய இடத்தில் எட்டைத் தேடும்.

11. முதல் வாரமும் பழைய பெட்டியும்

முதல் வாரம் தினமும் மூன்று விஷயம் பாருங்கள்: 24 செய்தியும் வந்தனவா, சிக்னல் வலிமை பகலிலும் இரவிலும் ஒரே அளவில் நிற்கிறதா, பேட்டரி விடியற்காலையில் எவ்வளவு. வலிமை மதியம் மட்டும் குறைந்தால் வெப்பத்தில் விரியும் கனெக்டரைச் சந்தேகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட மணியில் மட்டும் பிழை வந்தால் பக்கத்து விண்டோக்காரரின் கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம். அவரை நீங்களே தேடிப் போகாதீர்கள். நேரமும் சேனலும் குறித்து நெஸ்டிஸுக்கு எழுதினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் சீரானதும் பழைய சேனலையும் நேரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு உதவும் என்று பிடித்துவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிடிடியில் அது இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் 'எம்' விழும், உங்கள் பிழைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

கழற்றிய டிரான்ஸ்மிட்டரின் நினைவகத்தில் நிலையத்தின் முகவரியும் பழைய சேனலும் அப்படியே இருக்கின்றன. கிடங்குக்கு அனுப்பும் முன் அழித்துவிட்டு, அழித்த தேதியை ஒட்டுத்தாளில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டுங்கள்.